39 டாலர் ஒற்றன்

மிச்சிகன் மாநிலத்தில் தீபாவளிக்கு நிகரான நாள் நவம்பர் 15. எந்தக் கிழமையில் வந்தாலும் சரி, அன்று சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னாலிருந்து துப்பாக்கியால் மான் சுடலாம். மாத முடிவு வரை அனுமதி உண்டு. வடக்கே சில பள்ளிக்கூடங்கள் அன்றைக்கு லீவே விட்டுவிடுகின்றன. எங்கள் அலுவலகத்தில் லீவு கிடையாது. அதனால் வருடா வருடம் அந்தத் தேதியில் பாதிப் பேருக்குப் பாட்டி இறந்துபோவாள்.

நான் டெட்ராய்ட்டுக்கு மேற்கே, கேன்டன் என்ற புறநகரில், கார் கம்பெனிகளை நம்பிக் குடும்பம் நடத்தும் தமிழர் கூட்டத்தில் ஒருவன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே ஒரு காலத்தில் வளரி எறிந்து மான் வீழ்த்தினார்கள். அந்த மண்ணில் பிறந்த நான் இதுவரை வீழ்த்திய உயிரினம் கொசு ஒன்றுதான். அதுவும் பேட்டரி மட்டையால்.

என்னை வேட்டைக்குத் தள்ளியது அவரைப் பந்தல். இந்த ஊரில் பனி விலகி, மே மாதக் கடைசியில்தான் விதை ஊன்ற முடியும். என் மனைவி விதை ஊன்றி, பந்தல் போட்டு, கொடி பூவெடுத்து, பிஞ்சு விட்ட வாரத்தில் வெண்வால் மான்கள் வந்தன. ராத்திரியோடு ராத்திரியாகக் கொடியை உருவித் தின்றுவிட்டு, பந்தல் குச்சிகளை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போயின. உயரமான வேலி போடக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்காது. சுடலாம் என்றாலோ, ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 450 அடிக்குள் அந்த வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு வேட்டையாடக் கூடாது என்கிறது மாநிலச் சட்டம். எங்கள் வீட்டைச் சுற்றி 450 அடிக்குள் தெருவே அடங்கிவிடும். வீடு வீடாகப் போய், “எங்கள் அவரைக்காய் விஷயமாக ஒரு கையெழுத்து வேண்டும்” என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

“வளரி எறிஞ்ச சீமைன்னு வாய் கிழியப் பேசுறீங்க. ஒரு மானை விரட்டத் தெரியலையே” என்றாள் மனைவி.

இதற்கு மேல் ஒரு குடும்பத் தலைவன் சும்மா இருக்க முடியாது. அலுவலக நண்பர் ஒருவரின் அப்பாவுக்குக் கிளேர் பக்கம் பண்ணை இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணம். சோளக்கொல்லை, ஓரத்தில் ஓக் மரக்காடு. எண்பதை நெருங்கும் பெரியவர், தன் நிலத்தில் தாராளமாக வேட்டையாடிக்கொள் என்று சொல்லிவிட்டார். துப்பாக்கியும் அவருடையதே. அடுத்தது லைசென்ஸ். 1960 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்பு வகுப்பு முடித்தால்தான் இங்கே வழக்கமான லைசென்ஸ் வாங்க முடியும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். என் பக்கத்துச் சிறுவன் என்னை யாரோ ஒரு பையனின் தாத்தா என்று நினைத்துக்கொண்டு, கடைசிவரை மரியாதையாக நடந்துகொண்டான்.

செய்தி சிவகங்கைக்குப் போனதும் மாமியார் போனில் வந்தார். “மாப்பிள்ளை, மான் கேஸெல்லாம் வேண்டாம். ஒரு இந்தி நடிகர் மானைச் சுட்டுட்டு எத்தனை வருஷமாக் கோர்ட்டுக்கு அலையிறார்!” நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் அத்தை, இங்கே மான் பெருத்துப்போய் அரசாங்கமே லைசென்ஸ் விற்கிறது, வருடத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மானில் மோதுகின்றன என்று விளக்கினேன். “அப்ப நீங்க வழக்கம்போலக் கார் ஓட்டினாலே போதுமே” என்றார் அத்தை.

நான் பொறியாளன். புள்ளிவிவரம் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க மாட்டேன். மான் எந்த வழியில், எத்தனை மணிக்கு வருகிறது என்பதை முன்கூட்டியே வேவு பார்க்க இங்கே பல வேட்டைக்காரர்கள் மரத்தில் ஒரு காமிராவைக் கட்டுகிறார்கள். டிரெயில் காமிரா என்று பெயர். எதிரே உடம்புச் சூட்டோடு ஏதாவது அசைந்தால் அதுவாகப் படம் எடுத்துக்கொள்ளும். நல்லதாக வாங்கினால் 150 டாலருக்கு மேல். நான் ஒரு வாரம் இணையத்தில் மூழ்கி முத்தெடுத்து, 39 டாலருக்கு ஒன்று வாங்கினேன்.

பெட்டியில் 48 மெகாபிக்சல் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இந்த விலைக் காமிராக்களில் உள்ளே இருக்கும் சென்சாரின் உண்மையான மெகாபிக்சல் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. மீதியை மென்பொருள் தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது. சம்பளம் ஐந்து, பேச்சு நாற்பத்தெட்டு. எங்கள் உறவினர்களில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருப்பதால் எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை.

ராத்திரிப் படத்துக்கு அகச்சிவப்பு விளக்கு உண்டு. அதில் இரண்டு சாதி. 850 நானோமீட்டர் விளக்கு எரியும்போது மங்கலாக ஒரு சிவப்பு தெரியும். ஆனால் வெளிச்சம் தூரம் போகும். 940 விளக்கு கண்ணுக்கே தெரியாது. வெளிச்சமும் அந்த அளவுக்குப் போகாது, விலையும் கூட. விலை குறைந்ததை எடுத்தேன். அதை முதலில் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம் என்று சமையலறை அலமாரி மேல் வைத்துவிட்டு மறந்தும்போனேன். மறுநாள் மனைவி கார்டை எடுத்துக் கணினியில் போட்டாள். முதல் படம் இரவு 11.52. கறுப்பு வெள்ளையில், கண்கள் பளபளக்க, ஒரு கையில் மைசூர்பாக்கு டப்பாவோடு ஒரு ஜீவன் நின்றுகொண்டிருந்தது. மைசூர்பாக்கு குறைவதற்கு எறும்பைக் காரணம் காட்டி வந்த எனக்கு, சர்க்கரை 180.

“காமிரா நல்லா வேலை செய்யுதுங்க” என்றாள். அந்தக் காமிராவைப் பற்றி இன்றுவரை அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

செப்டம்பரில் கிளேருக்குப் புறப்பட்டோம். காமிரா கட்டுவதில் சில சாத்திரங்கள் உண்டு. வடக்கு பார்த்துக் கட்ட வேண்டும். கிழக்கு மேற்காக வைத்தால் உதயமும் அஸ்தமனமும் நேரே லென்ஸில் விழும், படம் வெளுத்துவிடும். தரையிலிருந்து இடுப்பு உயரம் சரி. மான் வரும் தடத்துக்குக் குறுக்கே பார்க்காமல் சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மலிவுக் காமிரா விழித்துக்கொள்வதற்குள் மான் கடந்து போய், வால் மட்டும்தான் படத்தில் மிஞ்சும். எதிரே உள்ள புல், கிளையையெல்லாம் வெட்டிவிட வேண்டும். மனித வாடை ஒட்டாமலிருக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் செய்தேன். என் மனைவி காருக்குள் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அந்தப் பெருங்காய வாசனை காற்றுவாக்கில் எத்தனை தூரம் போயிருக்கும் என்பது மான்களுக்குத்தான் தெரியும்.

பெரியவர் வேலியோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காட்டோரத்தில் நாலு எட்டு நடந்து, குளம்புத் தடத்தைப் பார்த்தார், புழுக்கையைக் காலால் புரட்டினார், ஓக் மரத்தடியில் விழுந்து கிடந்த காய் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். இது வெள்ளை ஓக், இதன் காயில் கசப்புக் குறைவு, சிவப்பு ஓக்கை விட்டுவிட்டு மான் இதற்குத்தான் வரும் என்றார். அவர் வேவு பார்த்து முடித்துவிட்டார். செலவு, குனிந்து நிமிர்ந்த முதுகுவலி.

அடுத்த தடவை போய்க் கார்டை எடுத்துவந்து, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். முதல் நூறு படமும் புல். அடுத்தது வெயில் பட்ட புல். அதற்கடுத்தது காற்றில் ஆடிய புல். இந்தக் காமிராவின் கண் பார்ப்பது உருவத்தை அல்ல, சூட்டு வித்தியாசம் நகர்வதைத்தான். உச்சி வெயிலில் காய்ந்த புல் ஆடினால் அதற்கு அதுவும் ஒரு பிராணி. நிஜமான பிராணியோ, சுற்றுப்புறமும் அதே சூட்டில் இருக்கும் பகலில் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். புல்லை அடுத்து அணில், அணிலை அடுத்து வான்கோழிக் கூட்டம், லென்ஸை முகர்ந்து பார்த்த ரக்கூன், யார் வீட்டு நாயோ ஒன்று, என் பேன்ட். தொப்பையோடு ஒரு பக்கவாட்டுப் படமும் இருந்தது. அதைத்தான் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார்கள்.

நான் மனம் தளரவில்லை. “நம்ம நாட்டில் 2018 புலிக் கணக்கெடுப்பு தெரியுமா? 26,838 இடத்தில் காமிரா வைத்தார்கள். கின்னஸ் சாதனை. மொத்தம் 3,48,58,623 படம். அதில் புலி 76,651-ல்தான். அப்படிப் பார்த்தால் 455 படத்துக்கு ஒரு புலி. அரசாங்கத்துக்கே அந்தக் கதி” என்றேன்.

“அவங்க புலியைச் சமைக்கிறதாச் சொல்லலையே” என்றாள்.

கடைசியில் மானும் வந்தது. முதலில் ஒரு காது. பிறகு ஒரு பின்னந்தொடை. அப்புறம் முழு மானாகவே வந்து, காமிராவை முறைத்துப் பார்த்தது. படத்தின் ஓரத்தில் 2017 ஜனவரி 1 என்று தேதி இருந்தது. பேட்டரி கொஞ்சம் தளர்ந்தாலும் இந்தக் காமிரா பிறந்த நாளுக்குத் திரும்பிப் போய்விடும். “ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி வந்த மானைப் பிடிச்சிருக்கீங்க. இப்ப அது கிழமா இருக்கும், கறி வேகாது” என்றாள் மனைவி. பேட்டரி எட்டு வேண்டும். சாதாரண பேட்டரி குளிருக்குத் தாங்காது, லித்தியம் போடுங்கள் என்றார்கள். லித்தியம் பேட்டரி, கார்டு, காமிராவை யாரும் கழற்றிப் போகாமலிருக்கப் பூட்டு, கிளேருக்குப் போகவர பெட்ரோல் என்று மனைவி டைரியில் வரிசையாக எழுத ஆரம்பித்தாள். பக்கத்து வரியில் ஹலால் கடை ஆட்டுக்கறி விலையை மட்டும் எழுதி, அடிக்கோடு போட்டாள்.

தேதியைச் சரிசெய்த பிறகு அக்டோபர் முழுக்க வந்த படங்களை எக்ஸெல்லில் ஏற்றினேன். மணி, வெப்பநிலை, நிலவு, காற்றின் திசை எல்லாம் சேர்த்து வரைபடம் போட்டேன். அலுவலகத்தில்கூட நான் அவ்வளவு அக்கறையாக வேலை பார்த்ததில்லை. இங்கே வேட்டைக்கு அனுமதி, உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்னால் வரைக்கும். என் வரைபடப்படி, எட்டு முனைக் கொம்போடு வந்த பெரிய ஆண் மான் அந்த நேரத்துக்குள் ஒரு தடவைகூடத் தலைகாட்டவில்லை. சட்டத்தை மிச்சிகன் மக்களைவிட அது நன்றாகப் படித்திருந்தது.

படம் பார்ப்பதில் என் மனைவிக்கு ஒரு தனித்திறமை வந்துவிட்டது. எனக்கு எல்லா மானும் மானாகத்தான் தெரியும். அவள் ஒவ்வொன்றையும் ஆள் அடையாளம் கண்டு பெயர் வைத்தாள். காது கிழிந்தது சின்னத்தாயி. எப்போதும் மற்றவர்களை முன்னே விட்டுப் பின்னாலேயே வருவது மருமகள். எட்டு முனைக் கொம்பனுக்கு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல்தான் தீனி தேடி வருகிறான் என்பதால், என் பெயர். “இதுங்க கூட்டமே கலையப்போகுது பாருங்க” என்று அவள் சொன்னது அப்படியே நடந்தது. கோடையில் சேர்ந்து மேய்ந்த ஆண் மான்கள், செப்டம்பரில் கொம்பின் மேல்தோல் உரிந்ததும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு பிரிந்துவிடும். நவம்பரில் பெட்டைகளின் பருவம் வந்தால் பழைய தடத்தையெல்லாம் விட்டுவிட்டு எங்கெங்கோ அலையும். அதாவது, அதற்கு முன்னால் நான் எடுத்த புள்ளிவிவரம் வேட்டைக்கு ஆகாது. இதைப் பெரியவரும் சொன்னார். ஆனால் எக்ஸெல் ஷீட்டைப் பார்த்த பிறகு, மிகவும் வருத்தத்தோடு சொன்னார்.

“ஊர்ல மான் உப்பு நக்க வரும்னு சொல்வாங்க. ஒரு கட்டி கல்லுப்பு வச்சுப் பாருங்களேன்” என்றாள் மனைவி. அதுவும் நடக்காது. 2015-இல் மிச்சிகன் காட்டு மான்களுக்குள் மூளையை அரிக்கும் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் நோய் பரவும் என்று, 2019-லிருந்து மாநிலத்தின் கீழ்த் தீபகற்பம் முழுவதும் மானுக்கு இரை வைப்பதைத் தடை செய்துவிட்டார்கள். உப்புக்கும் அதே கதிதான்.

இவ்வளவுக்கும் நடுவில் அலுவலக நண்பர் தன் காமிராவைக் காட்டி என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். அதில் சிம் கார்டு உண்டு. மான் வந்த நிமிடமே கைப்பேசிக்குப் படம் வரும். இதெல்லாம் வேட்டையா என்ற கேள்வி இந்த நாட்டிலேயே பலமாக இருக்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப், தப்பிக்க மிருகத்துக்கும் நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. அப்படி உடனுக்குடன் படம் வரவழைத்துச் சுட்ட மிருகத்தை அது தன் பதிவேட்டில் ஏற்றாது. அரிசோனா மாநிலத்தில் தண்ணீர் அரிது. வறண்ட காட்டில் ஒவ்வொரு நீர்நிலையிலும் ஆளாளுக்குக் காமிரா கட்டிவிட்டார்கள். 2022 ஜனவரி 1-லிருந்து வேட்டைக்கு உதவியாகக் காமிரா வைப்பதையே அங்கே தடை செய்தாயிற்று. என் காமிராவை மட்டும் எந்த மாநிலமும் பயமில்லாமல் அனுமதிக்கலாம். மிருகத்துக்கு அது தரும் வாய்ப்பு, நியாயத்தையும் தாண்டியது.

எனக்கு ஆறுதலாக ஒரு முன்னோர் கிடைத்தார். ஜார்ஜ் ஷைரஸ் என்ற வழக்கறிஞர். 1859-இல் பிறந்தவர், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். இதே மிச்சிகனின் வடக்கே, மார்க்கெட் நகரத்துப் பக்கம் ஒயிட்ஃபிஷ் ஏரிக் கரையில் மான் தடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டினார். மான் கயிற்றை இடறினால் வெளிச்சப்பொடி வெடிக்கும், காமிரா படம் எடுக்கும். நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1906 ஜூலையில் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இன்றைய டிரெயில் காமிராக்களுக்கெல்லாம் அந்தக் கயிறுதான் தாத்தா. ஷைரஸ் முதலில் வேட்டைக்காரர். காமிராவைக் கையில் எடுத்த பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். மான் இல்லாமல் வெறுங்கையோடு வீடு திரும்புவதற்கு இப்படியொரு கௌரவமான பாரம்பரியம் இருப்பதை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். “அவர் எடுத்த படத்துல மான் இருந்துச்சுல்ல?” என்று கேட்டாள்.

நவம்பர் 15 வந்தது. எங்கள் வீட்டுப் பாட்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால், மாமனாரின் பாட்டியைச் சொல்லி லீவு வாங்கினேன். சட்டப்படி ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டேன். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது. மற்ற வேட்டைக்காரர்கள் நம்மை மான் என்று நினைத்துவிடாமலிருக்கத்தான் அது. இருட்டோடு இருட்டாக, என் புள்ளிவிவரம் காட்டிய மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். விடிந்தது. குளிர் எலும்புக்குள் இறங்கியது. அணில் வந்தது. புல் ஆடியது. என் காமிரா சொன்னதெல்லாம் பொய்யில்லை என்று தெரிந்துகொண்டேன்.

தூரத்தில் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பெரியவர் வெள்ளை ஓக் மரத்துப் பக்கம் போயிருந்தார்.

சாயங்காலம் காமிரா கார்டைக் கழற்றிப் பார்த்தோம். காலை 6.31: கைவிளக்கோடு நான் நடந்து போகிறேன். 6.48: எட்டு முனைக் கொம்பன், நான் நடந்த தடத்தில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டு நிற்கிறான். 6.49: தலையை நிமிர்த்தி நான் போன திசையைப் பார்க்கிறான். 6.50: வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு எதிர்த் திசையில் போகிறான். ஆக, வேவு பார்க்கும் வேலை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. யார் யாரை வேவு பார்த்தார்கள் என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

பெரியவர் சுட்டது நடுத்தரமான ஒரு பெட்டை மான். மிச்சிகனில் சுட்ட மானை 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அவரிடம் கணினி இல்லை. அந்தப் பதிவை என் கைப்பேசியில் நான்தான் செய்துகொடுத்தேன். அந்த வேட்டைக் காலத்தில் என் பொறியியல் படிப்பு யாருக்காவது பயன்பட்டது என்றால் அங்கேதான். காட்டு மான் கறியை இந்த நாட்டில் காசுக்கு விற்க முடியாது, சட்டம் இடம் தராது, சும்மா கொடுக்கலாம். பெரியவர் ஒரு தொடையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். என் மனைவி அதைச் சிவகங்கைப் பாணியில், சின்ன வெங்காயமும் வரமிளகாயும் நல்லெண்ணெயும் போட்டு உப்புக்கறியாக வைத்தாள். மான் கறியில் கொழுப்பு குறைவு, எண்ணெயைத் தாராளமாக விட வேண்டும். பெரியவருக்கும் ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினோம். இப்போது அவர் அடுத்த வருடத்துக்கு இரண்டு மான் பேசி வைத்திருக்கிறார். அதில் என் பெயர் எங்கும் வரவில்லை.

டிரெயில் காமிரா வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான். அது மான் எங்கே இருக்கிறது என்று சொல்லாது, எங்கே இருந்தது என்றுதான் சொல்லும். அதற்கு 39 டாலர் போதும், 150 தேவையில்லை. வாங்கினால் முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள், வடக்கு பார்த்துக் கட்டுங்கள், புல்லை வெட்டுங்கள், லித்தியம் பேட்டரி போடுங்கள், மறந்தும் சமையலறையில் சோதித்துப் பார்க்காதீர்கள். அதோடு காட்டோரத்தில் பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரையும் பழக்கம் பிடித்து வையுங்கள். காமிரா மான் படம் தரும்; மான் கறி அவர்தான் தருவார்.